பீச்சாங்கை உறை

கயல், முகில், இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் உங்கள் அம்மா "அப்பா உறை" என்று சொல்லிச் சிரிக்கிறாள். அது என்ன என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் தறிக்குழிக்குள் இறங்கிக் காலை ஆட்டத் தொடங்கிவிடுவேன். (சத்தத்தில் எந்தக் கேள்வியும் காதில் விழாது. நெசவுத் தொழிலில் இது ஒரு வசதி.) சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

இது தேவி சித்தியைப் பற்றியது. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவள் நம் வீட்டில் தங்கி எஸ்.ஐ. பரீட்சைக்குப் படித்தாள். விடியும் முன் எழுந்து ஏனாத்தூர் ரோட்டில் ஓடிவிட்டு, தொப்பலாக நனைந்து வருவாள். ஒருநாள் உறவுக்காரர் ஐந்தாறு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, எல்லோர் எதிரிலும் நான் கேட்டேன்: "ஓடிக்கினே இருந்தா உத்தியோகம் குடுத்துடுவாங்களா? தறியில இழைய முடிஞ்சு ரெண்டு பாவு புணைக்கக் கத்துக்கோமா, சோறாவது போடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேவி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படிக்கப் போனாள். மறுநாள் காலையும் ஓடினாள்.

இரண்டு வருடம் கழித்து, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு அவள் நம் வாசலில் வந்து நின்றாள். முதல் சல்யூட் எனக்குத்தான். பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அந்த சல்யூட் ரொம்ப நாள் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் மாமன் முறை உள்ளவன் கொழுந்தியாளிடம் எப்படிக் கேட்பான்?

வழி தானாக வந்தது. அவளுடைய துப்பாக்கி உறையில் பெல்ட்டில் கோக்கும் வார் கிழிந்துபோனது. கருட சேவைக்குப் பந்தோபஸ்து, அன்றைக்கு உயர் அதிகாரி வந்து ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்ப்பார். "நல்லா தைக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க மாமா" என்று மட்டும்தான் கேட்டாள். நான், "எதுக்கு யாரோ? புதுசா நானே செஞ்சு தரேன்" என்றேன். அதுவரை நான் தோலில் செய்திருந்த ஒரே வேலை, அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்தியது.

அளவெடுக்க ஒருநாள் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். என் கிட்னியைக் கேட்டதுபோலப் பார்த்தாள். மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் துப்பாக்கியின் உருவத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பார்த்து மரத்தில் ஒரு துப்பாக்கி செதுக்கினேன். பெல்ட் தைக்கிறவரிடம் கெட்டியான தோல் ஒரு துண்டு வாங்கினேன். தோலை ஊறவைத்து, ஈரத்தோடு மரத்துப்பாக்கி மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நிற்கும் என்று அவர் சொன்னார். உங்கள் அம்மா இட்லி மாவு கரைக்கும் பாத்திரத்தில் ஊறவைத்தேன். (நம் சைவ வீட்டில் அன்று என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். அந்தப் பாத்திரத்தில் இப்போது கற்றாழை வளர்கிறது.)

தையலுக்குப் பட்டு நூலையே மூன்று புரி முறுக்கி, மெழுகு தேய்த்து, ஒவ்வொரு கண்ணாகக் குத்தூசியால் துளைத்துத் தைத்தேன். தோலில் பாதி துளை, என் விரலில் பாதி துளை. ஆனால் தையல் மட்டும் நேர்க்கோடு. மரத்துப்பாக்கி உள்ளே போய் கச்சிதமாக உட்கார்ந்தது. லுங்கி கட்டுகிற எனக்கு பெல்ட் ஏது? ஆணியில் மாட்டித்தான் அழகு பார்த்தேன்.

கருட சேவை அன்று காலை தேவி வந்தாள். "மாமா, சூப்பரா இருக்குது" என்று பெல்ட்டில் வலதுபக்கம் கோத்தாள். பளபளப்பான பக்கம் அவள் இடுப்பைப் பார்த்தது. சொரசொரப்பான முதுகு ஊரைப் பார்த்தது. கழற்றித் திருப்பினாள், துப்பாக்கியின் பிடி கை போகிற பக்கம் வரவில்லை. கடைசியாக இடதுபக்கம் மாட்டினாள். அங்கே அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

"மாமா, நான் சோத்துக்கைக்காரி. இது பீச்சாங்கைக்கு இல்ல செஞ்சிருக்கீங்க?"

அப்போதுதான் உறைத்தது. நம் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவன் காலமெல்லாம் பார்ப்பது முதுகைத்தான். முகம் கீழே தானாகச் சரியாக வந்துவிடும். தோலிலும் அப்படியே முதுகுப் பக்கம் பத்திரிகையைத் திருப்பிப் போடாமல் வைத்து வரைந்து வெட்டிவிட்டேன். தறியில் தானாக ஒன்றும் வருவதில்லை, தறிக்கு டிசைன் அட்டையில் துளை அடிக்கிறவர் எனக்காக முன்பே டிசைனைத் திருப்பிப் போட்டு வைக்கிறார் என்பது இருபது வருடம் நெய்த எனக்கு அன்றுதான் புரிந்தது.

உங்கள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பழைய உறையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகும்படி நான் கெஞ்சினேன்.

தேவி உறையைத் தடவிப் பார்த்தாள். "கயிறு கட்னா கயிறுதான் மாமா கண்ணுக்குத் தெரியும். இதுல தையல் தெரியுது" என்றாள். துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, கூடத்தில் நின்று இடது கையால் உருவினாள். முதல் தடவை சிக்கியது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு சிக்காமல் வந்தது. இருபது முடிந்ததும் குண்டுகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஏனாத்தூர் ரோட்டில் ஓடிய அதே முகம்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சின்ன காஞ்சிபுரம் போய், ஒரு டீக்கடைப் பந்தல் மூங்கிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். (மூங்கில் நாலு விரல் அகலம். நான் எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும்.) அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தேவி முன்னால் நின்றார். நகரவே இல்லை. குனிந்து அவள் இடுப்பைப் பார்த்தார். பேசுவது கேட்கவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். இவளைப் பாவு புணைக்கச் சொன்ன என் வாய் பலித்துவிட்டதே என்று கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர் புகை என்று நினைத்து அடுப்பை விசிறினார்.

நடந்ததைச் சாயங்காலம் தேவியே வந்து சொன்னாள். அதிகாரி, "லெஃப்ட் ஹேண்டராம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல சார். கை சோத்துக்கைதான் சார். உறைதான் பீச்சாங்கை."

வரிசையே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதாம். யார் செய்தது என்று கேட்டாராம். "எங்க மாமா சார். பட்டு நெய்றவரு. மொதல் தடவை" என்றிருக்கிறாள். உருவச் சொன்னாராம். இடது கையால் ஒரே உருவு. அவர் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "தையல் அறுந்துபோகாது. அடுத்த வாரத்துக்குள்ள சரியான பக்கத்துல ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க" என்று நகர்ந்தாராம்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தேவி, அன்னிக்கு எல்லாரு எதிர்லயும் நான் ஒண்ணு சொன்னேன்..." என்று தொடங்கினேன்.

"அதுக்குத்தானே மாமா இவ்ளோ நெருக்கமா தையல் போட்டீங்க?" என்றாள். "அந்தக் கணக்கு முடிஞ்சிட்டுது. சோத்துக்கைக்கு ஒண்ணு செய்யுங்க."

செய்தேன். இன்றும் அதைத்தான் மாட்டியிருக்கிறாள். பீச்சாங்கை உறை நம் தறிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

இன்னொன்று உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. கருட சேவை அன்று சாயங்காலம் தேவி கிளம்பி, அம்மாவும் உங்களைக் கூட்டிக்கொண்டு சாமி பார்க்கப் போன பிறகு, நான் பீரோக் கண்ணாடி முன் நின்று சல்யூட் பழகினேன். கண்ணாடிக்குள் இருந்த ஆள் பீச்சாங்கையால் வைத்தான். எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கண்ணாடியை விட்டுத் திரும்பினேன். சோறு சாப்பிடுவதுபோல ஒருமுறை கையை வாய்க்குக் கொண்டுபோய், எது சோத்துக்கை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு சுவரில் காக்கி உடுப்போடு நிற்கும் தேவியின் படத்துக்கு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன்.