சிங்கக்கால் தொட்டியில் ஒரு சனி முழுக்கு

தனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால், அவருக்குச் சகலன் இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒரு சகலன் இருந்தான். நல்லவேளை, ஒருவன்தான்.

பெயர் சின்னத்துரை. என் மனைவி நாகேஸின் தங்கை பரமேஸை மணந்தவன். மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் உத்தியோகம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஆறு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தான். நான் அப்போது கொக்குவிலில் கணக்கு வாத்தியார். முறைப்படி நான்தான் மூத்த மருமகன். ஆனால் மாமியார் வீட்டில் அவன் இலையில் மூன்று வடை, என் இலையில் இரண்டு. (எண்ணாமல் இருக்கலாம்தான். கண் தானாக எண்ணிவிடுகிறதே, என்ன செய்ய?)

மயிலிட்டிக்கு அப்பால், கடலை முட்டிக்கொண்டு ஓர் ஓட்டல் இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற துரை ஒருவர் கட்டியது. அங்கே காய்ச்சிய கடல்நீரில் படுத்துக் கிடந்தால் மூட்டுப்பிடிப்பு, வாயு, மனக்கவலை மூன்றும் தீரும் என்று பேர். முதல் இரண்டும் எனக்கு அப்போது இல்லை. மூன்றாவது இருந்தது, அதற்குக் காரணம் சின்னத்துரை. அவன் அந்த ஓட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்திருந்தான்.

"படி மட்டும் இருபத்தாறு, அண்ணை," என்றான் சாப்பாட்டின் நடுவில். "கட்டிலிலை ஆளுக்கு மூண்டு தலையணை. குளிக்கிறதுக்கு வெள்ளைத் தொட்டி. நாலு காலும் சிங்கத்தின்ரை பாதம். படுத்துக்கொண்டு குழாயைத் திறந்தால் சரி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி!"

"படுத்துக்கொண்டோ?" என்று மாமி வாயில் கைவைத்தார்.

"ஓம் மாமி. தொட்டிலிலை பிள்ளை கிடக்கிறமாதிரி."

மாமி அவனுக்கு நாலாவது வடையை வைத்தார்.

"ஒரு தலைக்கு மூண்டு தலையணை என்னத்துக்கு?" என்று கேட்டேன். கணக்கு வாத்தியாரின் நியாயமான கேள்வி.

"உங்களுக்கு உது விளங்காது, அண்ணை. கிணத்தடியிலை நிண்டு குளிக்கிற ஆக்களுக்கு உதெல்லாம் ஒத்துவராது."

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு நடந்து வரும்போது நாகேஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். "பரமேஸ் குடுத்துவைச்சவள். அடுத்தமுறை அவளையும் அங்கை கூட்டிக்கொண்டு போகப்போறாராம்."

எங்களுக்குக் கலியாணமாகி ஏழு வருடங்கள். அந்த ஏழு வருடத்தில், 'நான் குடுத்துவைச்சனான்' என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. (சொல்லியிருந்தால் என் கணக்கில் இருந்திருக்கும்.) அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்தேன். சித்திரை விடுமுறையில் முதல் வெள்ளிக்கிழமை அவளை அந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை, தங்கையைத் தவிர.

உண்மையைச் சொல்கிறேன். நான் அங்கே இளைப்பாறப் போகவில்லை, எண்ணப் போனேன். சின்னத்துரை சொன்னதில் ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டியிருந்தேன். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். இருபத்தாறு. இறங்கி, மறுபடியும் ஏறினேன். இருபத்தாறேதான்.

"இஞ்சருங்கோ, எதையாவது துலைச்சுப்போட்டியளோ?" என்றாள் நாகேஸ்.

அறையில் ஆறு தலையணை. யன்னலுக்கு வெளியே நீலமாகக் கடல். நாகேஸ் அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நான் குளியலறையில் முழந்தாளிட்டுத் தொட்டியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலும் சிங்கப்பாதம், பாதத்துக்கு நாலு நகம். அவன் நகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தான். அது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியாகக் குழாய். இரண்டு இருந்தன. பச்சைத் தண்ணீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். அது இரண்டு தரம் இருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

ஓட்டலின் பட்லர் அந்தோனி, மயிலிட்டிக்காரர், வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "அது கொண்டந்து பூட்டின நாள் தொடக்கம் அப்பிடித்தான், ஐயா. ஒரு சொட்டு வரேல்லை. நாங்கள் கீழை காய்ச்சி, வாளியிலை கொண்டந்து ஊத்துவம்."

மூளையுள்ள எவனும் அந்த இடத்திலேயே விஷயத்தைப் பிடித்திருப்பான். நானோ பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். 'அவனுக்குக் கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீர், எனக்கு மட்டும் வரவில்லையே! குழாய்கூடவா ஆளைப் பார்த்து வேலைசெய்கிறது?' என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவனை எப்படியும் மிஞ்ச வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. என் சீவியத்தில் சனி முழுக்குத் தவறியதில்லை. நாகேஸ் பெட்டிக்குள் ஒரு போத்தல் நல்லெண்ணெயும், சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து அரைத்த அரப்பு ஒரு பேணி நிறையவும் கொண்டுவந்திருந்தாள். துரைமாரின் தொட்டியில், சிங்கக்காலின் மேல் படுத்தபடி, முறையான எண்ணெய் முழுக்கு! சின்னத்துரை செய்திருப்பானா? அவன் மலாயாவில் சவர்க்காரம் போட்டுக் குளித்துப் பழகியவன்.

காலைத் தேத்தண்ணீர் குடித்ததும் தொடங்கினேன். உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அரைப்போத்தல் எண்ணெய். அந்தோனி எட்டு வாளி சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். நாலு முழத் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஒரு காலை வைத்தேன். மற்றக் காலை வைத்ததாக ஞாபகமில்லை. அது தானாகவே வந்துவிட்டது. அது முதலாவது சறுக்கல்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. இரண்டு பிடி அரப்பை எடுத்துத் தலையில் தேய்த்தபோதுதான் உறைத்தது, அது கடல்நீர் என்று. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெயைக் கழற்றுகிற அரப்பு, அந்த உப்புத் தண்ணீரில் பிரிந்து, சேறுபோல மிதந்தது. எண்ணெய் போகவில்லை. அரப்பு மட்டும் கண்ணுக்குள் போனது. எழும்பப் பார்த்தேன். இரண்டாவது சறுக்கல். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி எழும்பினேன். மூன்றாவது சறுக்கலில் தண்ணீருக்கு அடியில் போய்விட்டு வந்தேன்.

எங்கள் கிணற்றடியில் சொரசொரவென்று சீமெந்துத் தரை இருக்கும். காலை ஊன்றலாம். கண்ணாடிபோல வழுக்குகிற தொட்டிக்குள் எண்ணெயோடு இறங்கக்கூடாது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவதில்லை.

"நாகேஸ்!"

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கை அவளிடமிருந்து விலாங்குபோல நழுவியது. "ஐயோ, பிடிக்கேலாமல் கிடக்கு! பொறுங்கோ, ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்," என்று கீழே ஓடினாள். கண்ணை மூடியபடி காத்திருந்தேன். படிகளில் மூன்று சோடிக் கால்கள் ஏறி வந்தன. ஒன்று நாகேஸ். ஒன்று அந்தோனி. மூன்றாவது, கிறீச்சிடும் புதுச் சப்பாத்து.

"என்னண்ணை இது கோலம்?"

அரப்பு எரிச்சலோடு ஒரு கண்ணைத் திறந்தேன். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கோட்டு. சின்னத்துரை! உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் இருக்க, அந்த நிலையில் என்னைப் பார்க்கக் கடவுள் அனுப்பியது அவனை.

"நீ எங்கை இஞ்சை?" என்றேன், தொட்டிக்குள் எவ்வளவு கௌரவமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு கௌரவமாக.

"அது... சும்மா, இந்தப் பக்கம் வந்தனான். கையைத் தாங்கோ முதல்."

கையைக் கொடுத்தேன். அவன் இழுத்தான். நிலமெல்லாம் நான் சிந்திய எண்ணெய். புதுச் சப்பாத்து. என் கணக்கு சரியென்றால் இரண்டு கணங்கள் அவன் அந்தரத்தில் இருந்தான். பிறகு கோட்டோடும் சப்பாத்தோடும் என்மேல் வந்து விழுந்தான்.

"கண்! கண்!" என்று கத்தியபடி சுடுதண்ணீர்க் குழாயைப் பிடித்துத் திருகினான். குழாய் இரண்டு தரம் இருமியது.

"என்ன தம்பி," என்றாள் நாகேஸ், "நீங்கள் குளிக்கேக்கை கொதிக்கக் கொதிக்க வந்ததெண்டியளே?"

"எப்ப குளிச்சவர்?" என்றார் அந்தோனி, சூதுவாது தெரியாத மனுசன். "இந்த ஐயா போன மாதம் தேத்தண்ணி குடிக்கவெல்லோ வந்தவர். மேல்மாடியைப் பாக்கலாமோ எண்டு கேட்டு, தலையணையெல்லாம் எண்ணிக்கொண்டு போனார். அதை உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லத்தான் இப்பவும் ஓடிவந்து நிண்டவர்."

சின்னத்துரை குழாயிலிருந்து கையை எடுத்தான். தொட்டிக்குள் அரப்பு மட்டும் மிதந்தது.

"அப்ப அண்டைக்கு இரவு எங்கை கிடந்தனீ?" என்றேன்.

"கடைசி ரயிலை விட்டிட்டன், அண்ணை," என்றான் மெல்ல. "காங்கேசன்துறை ஸ்ரேசன் மரவாங்கிலை கிடந்தனான்."

"தலையணை?"

"ஒண்டும் இல்லை."

"என்னத்துக்கடா இந்தப் புளுகு?"

"பின்னை என்ன? காணி, கலியாணம், சாதகம், எதெண்டாலும் மாமி 'மூத்த மருமோனைக் கேளுங்கோ' எண்டுதானே சொல்லுறவ. என்னட்டை ஒரு வார்த்தை கேக்கிறதில்லை. வடையை மட்டும் வைப்பா."

நாகேஸ் நிலத்தில் குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். "ஐயோ... பரமேஸ் இதைப் பாக்கக் கிடைக்கேல்லையே! நான்தான் குடுத்துவைச்சனான்!"

ஏழு வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. அப்போது என் காதில் அரப்பு இருந்தது. இருந்தும் தெளிவாகக் கேட்டது.

எங்கள் இரண்டு பேரையும் கடைசியில் அந்தோனி சாக்கால் துடைத்து, ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். வீட்டில் மூச்சுவிடுவதில்லை என்று நானும் சின்னத்துரையும் கையடித்துச் சத்தியம் செய்தோம். நாகேஸிடம் சத்தியம் வாங்க மறந்துபோனோம். மறுநாள் பின்னேரத்துக்குள் மாமிக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் உயர்த்திக் கதைத்தால், சின்னஞ்சிறுசுகள்கூட, "சுடுதண்ணிக் குழாயிலை தண்ணி வந்ததோ?" என்று கேட்கும்.

சின்னத்துரை காலமாகி ஒன்பது வருடங்கள். முப்பத்தோராம் நாள் அவனுடைய அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போயிருந்தோம். கிரியை முடிந்து எல்லோரும் கேணிப்படியில் இறங்கும்போது, அவன் மகன் லேசாகச் சறுக்கினான். "கவனம், கொப்பர் மாதிரி விழாதை!" என்றாள் பரமேஸ். அவ்வளவுதான். அழுத கண் காயுமுன் நாகேஸ் முழுக் கதையையும் தொடங்கிவிட்டாள். கோட்டோடு அவன் பறந்து வந்து விழுகிற இடத்தில் கேணியே அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தொட்டியில் நான் மூன்று முறை விழுந்தேன். அவன் விழுந்தது ஒரே ஒரு முறை. இன்றைக்கும் சிரிப்பெல்லாம் அவனுக்குத்தான்.