நான்காவது வரி

"செத்துப்போன மாமாவுக்குத்தானே லீவு எடுத்தேன்? பிரசவம்னு காட்டுது!" டிரைவர் புரோகிராமரின் மேசையைத் தட்டினார்.

"என் பிரசவ லீவு திருமணம்னு நிக்குது. வீட்டுக்காரர் பார்த்தா என்னாகும்?" என்றாள் அக்கவுண்டன்ட் அக்கா.

புரோகிராமர் பல்லைக் கடித்தாள். விடுப்புப் பக்கத்தில் சொடுக்கினால் காரணங்கள் வரிசையாக விரியும்: உடல்நலக் குறைவு, திருமணம், பிரசவம், மரணம். காரணத்தையே சேமிக்கலாம் என்று அந்தப் பக்கத்தை உருவாக்கிய அன்றே கெஞ்சினாள். "எத்தனாவது வரின்னு நம்பர் போதும்மா" என்றார் மேனேஜர். நேற்று அவரே, "எல்லா மெனுவுக்கும் தலையில 'தேர்ந்தெடுக்கவும்'னு ஒரு வரி போடு, அழகா இருக்கும்" என்றார். போட்டாள். எல்லாம் ஒரு படி இறங்கின. மரணம் இருந்த நான்காம் வரியில் பிரசவம் உட்கார்ந்துகொண்டது.

"உடனே சரி பண்ணு!" மேனேஜர் அறையிலிருந்தே கத்தினார்.

"பின்னாடி சேமிச்ச எண்களையும் மாத்தணும் சார். ஒரு நாள் குடுங்க."

"ஒரு நாளா? பத்து நிமிஷம்!"

சேமித்திருந்த விடுப்பு எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டினாள். டிரைவரின் மாமா முறைப்படி மறுபடி செத்தார். அக்காவுக்குக் குழந்தை திரும்பக் கிடைத்தது. ஆனால் அன்று காலை, புது மெனுவிலேயே, மேனேஜர் பல்வலிக்காக மறுநாளுக்குப் போட்ட விடுப்பும் ஒரு வரி இறங்கியது. விடுப்பில் எது மாறினாலும் வீட்டுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும். போனது.

மேனேஜரின் போன் அலறியது. மனைவியின் குரல் அடுத்த அறை வரை கேட்டது: "நாளைக்குத் திருமணமா? யாருய்யா அவ?"

மேனேஜர் பாய்ந்து வந்தார். "உன்னை வச்சிருந்தா என் குடும்பம் நாசமாயிடும்!" அவள் கணினியிலேயே தன் கடவுச்சொல்லைப் போட்டு, பணிநீக்கப் பக்கத்தைத் திறந்தார். மெனு விரிந்தது: தேர்ந்தெடுக்கவும், அக்கவுண்டன்ட், டிரைவர், புரோகிராமர், மேனேஜர்.

"சார், இந்த மெனுவுக்குப் பின்னாடி இன்னும் பழைய எண்தான்..."

"வாயை மூடு!" நான்காவது வரியை ஓங்கி அழுத்தினார்.

மூடினாள். மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி, மனைவியைச் சமாதானப்படுத்த வாசலுக்கு ஓடினார்.

மூன்று வருட வேலை ஒரு கைப்பையில் அடங்கிவிட்டதே என்ற ஆத்திரத்தோடு அவள் கீழே இறங்கினாள். வாசல் கதவுக்கு வெளியே மேனேஜர் தன் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு.

"கதவைத் திறய்யா!"

காவலாளி தன் திரையை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"முடியாதுங்க. உங்களை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு நீங்களே ஆர்டர் போட்டிருக்கீங்களே, சார்!"