வடமால வம்சமும் கறிவேப்பிலைக் காம்பும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் தர முடியாது. தனராஜ் சாருக்கே அது கடைசியில்தான் கிடைத்தது. அவருக்கு முன்னால் நாம் சிரித்தால் மரியாதையாக இருக்காது.

சித்தூரில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வடமால தனராஜ் ஒரு காலை இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் நகரி ஜோனத்தானைத்தான் கட்டுவேன், நைனா ஒத்துக்கொள்ளாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று மகள் கேசியா சொல்லிவிட்டாள். பையனிடம் குறையில்லை. இண்டிபேரில்தான் குறை. ஆந்திராவில் எந்த விண்ணப்பத்திலும் அந்த வீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் 'வடமால' என்று எழுதும்போது சாரின் மார்பு அரை அங்குலம் விரியும். வடமாலபேட்டை சபையின் முதல் குடும்பமாயிற்றே. 'நகரி' என்ன பேர்? நகரி ஸ்டேஷனில் இறங்கினவனெல்லாம் நகரிதானே என்றார்.

மனைவி கிருபாவதி உடனே அவர் கட்சிக்கு வந்துவிட்டாள்.

"வேணாங்க, இந்தச் சம்பந்தமே வேணாம். ஆனா சர்ச் ரிஜிஸ்டர்கிட்ட மட்டும் போவாதீங்க. தோண்டிக்கினே போயி சொந்தம்னு வந்துட்டா, அப்பால குடுத்துத்தான் ஆவணும்."

"சொந்தமா? அவனுங்களா? ஏழு தலைமுறையும் தோண்டிக்கினு வரேன், பாரு."

இருபத்தெட்டு வருஷமாக அவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு. அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

வடமாலபேட்டை பாஸ்டர் ஞானஸ்நான ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். அது தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. நடுவில் காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு. இது எதற்கு என்று சார் கேட்க, பாஸ்டருக்கு இருமல் வந்தது. பூச்சி வராமலிருக்க என்றார். முன்னோர்களின் அறிவைப் பற்றி சார் பத்து நிமிஷம் பேசினார். அப்புறம்தான் பக்கத்தைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா ஆசீர்வாதம். கீழே அவர் தங்கை கன்னிகா. ஓரத்தில், 'நகரிக்கு வாழ்க்கைப்பட்டாள்.'

ரிஜிஸ்டரை மூடப் போனார். ஆனால் ஹெட்மாஸ்டர் கணக்கைப் பாதியில் விடுவாரா?

நகரி சர்ச் கிளார்க், இவர் பேரைச் சொல்லும் முன்பே, "ராண்டி சார், கூர்ச்சோண்டி, எடுத்து ரெடியா வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். நாற்காலி, காபி, ரிஜிஸ்டர். அதிலும் ஒரு காம்பு. எல்லாச் சபையிலும் இதே வழக்கம் போல என்று சார் குறித்துக்கொண்டார். கன்னிகாவின் மகன், பேரன், கொள்ளுப்பேரன். அவனுக்குப் பிள்ளை, ஜோனத்தான்.

அண்ணன் வழியில் பெண், தங்கை வழியில் பையன். அசல் முறை மாப்பிள்ளை!

வீடு வருவதற்குள் தோல்வி வெற்றியாகிவிட்டது. கண்டுபிடித்தது அவரல்லவா? கிருபாவதி கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்போ குடுத்துத்தான் ஆவணுமா?"

"குடுத்துத்தான் ஆவணும். நீ குறுக்க பேசாத."

நிச்சயதார்த்தத்தன்று தன் ஆராய்ச்சியைப் பற்றி சார் முக்கால் மணி நேரம் பேசினார். கேசியா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிறகு சங்கீதம் வாசிக்க கிருபாவதி தன் பைபிளைத் திறந்தாள். அதிலிருந்து ஏதோ நழுவி சாரின் காலில் விழுந்தது. எடுத்தார்.

காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு.

ஜெபம் செய்ய வந்திருந்த வடமாலபேட்டை பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டருக்கு மறுபடி இருமல்.

"கிருபா, இது..."

அவள் பக்கத்தைத் தேடியபடியே மெதுவாகச் சொன்னாள்.

"பூச்சிக்கு வெச்சதுங்க. பூச்சியும் ரெண்டு ஊர்லயும் ஒழுங்கா வந்து உக்காந்துச்சு."