கோர்வை மாட்டிய ஜோடிக் கார்டு

பெரிய காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டரைக் கெடுக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் நல்ல கம்ப்யூட்டரை, நல்லெண்ணத்தோடு, அதன் சொந்தக்காரனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே கெடுக்கத் தெரிந்தவர் கோர்வை ஒருவர்தான்.

நிஜப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை ஒருவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள இன்னொருவர். பல வருஷம் அண்ணனோடு அப்படி நெய்தவர், ஒரு நாள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண உட்கார்ந்துவிட்டார். தறியை விட்டாரே தவிர அந்தக் கணக்கை விடவில்லை. உலகத்தில் எது ஒற்றையாக இருந்தாலும் அவருக்கு அது அரைகுறைதான்.

இரண்டு பழைய மொபெட் வைத்திருந்தார், ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று உதவும் என்று. இரண்டும் மக்கர் பண்ணியதால் எங்கேயும் நடந்துதான் வருவார். டீக்கடையில் முழு டீ சொல்ல மாட்டார், அரை டீ இரண்டு. "ஒண்ணு ஆறிப்போனா இன்னொண்ணு இருக்குதில்லபா" என்பார். ஒரே நேரத்தில் வாங்கிய டீ ஒரே நேரத்தில்தானே ஆறும் என்று கேட்டால், நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் யோசனை கேட்ட மேதாவி நான்.

படிப்பு முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். வாசல் அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் நடத்துகிறேன் என்று அப்பாவிடம் அழாத குறையாகக் கேட்டுப் பணம் வாங்கியிருந்தேன். மூன்று சாதாரண மெஷின். நாலாவதுதான் மானம் காக்க வேண்டியது. ஓரிக்கைப் பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்தால் மொத்த ஹாஸ்டலும் வரும். பிடிக்காவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து அப்பா வேலை பார்க்கும் பட்டுக்கடையில் நான் சேலை மடிக்க வேண்டும். அப்பா அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நாலாவதற்கு, திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு புதிதாக வந்திருந்ததில் ஒன்று வாங்கலாம் என்பது என் எண்ணம். அதே விலைக்கு, முந்தின வருஷத்துக் கார்டு இரண்டை ஜோடி சேர்க்கலாம் என்றார் கோர்வை. திரையில் மேல் பாதியை ஒன்று வரையுமாம், கீழ்ப்பாதியை இன்னொன்று வரையுமாம்.

"தம்பி, ஒத்த ஆளு உக்காந்தா கரை சேராதுபா. ரெண்டு பேரு உக்காந்தாத்தான் கோர்வை."

சேலைக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு எனக்கு அன்று புத்தி மழுங்கியிருந்தது. சரி என்றேன்.

இரண்டு கார்டையும் பாலம் போட்டு இணைத்து, பெருமையாக ஸ்விட்சைப் போட்டார். தெருவில் பாதி வீட்டில் கரண்ட் போனது. எதிர் வீட்டுத் தறியிலிருந்து வந்த வசவை இங்கே எழுத முடியாது. கோர்வை அசராமல் பவர் சப்ளையும் இரண்டாக வேண்டும் என்று சொல்லி, இன்னொன்றை வெளியே தொங்கவிட்டார். பெட்டி கொதித்ததால் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தார். அதுவும் இரண்டு.

வெள்ளிக்கிழமை பையன்கள் வந்தார்கள். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த துப்பாக்கி ஆட்டம் ஒன்றைப் போட்டேன். ஐந்து நிமிஷம் ராஜபோகம். பிறகு எதிரி ஓடி வந்தான். இடுப்புக்கு மேலே மட்டும் முன்னால் வந்துவிட்டான், கால்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன. ஆடிக்கொண்டிருந்த பையன் இடுப்பைக் குறிபார்ப்பதா காலைக் குறிபார்ப்பதா என்று யோசிப்பதற்குள் ஆட்டத்தில் செத்துப்போனான்.

கோர்வை திரையை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே இருந்த கார்டிடம் பேசினார்.

"மேல இருக்கிறவன் முந்திக்கினு போறான். நீ என்னடா தூங்கிக்கினு இருக்கிற? கைய ஓட்டு."

வந்தவர்களில் விவரமான ஒருவன் இந்த ஆட்டத்துக்கு ஜோடிக் கார்டு ஒத்துவராது என்று சொல்லி, கீழ்க் கார்டைக் கழற்றி வைத்தான். எதிரியின் காலும் உடம்பும் ஒன்று சேர்ந்தன. ஆனால் பழைய கார்டு ஒன்றே ஒன்று இழுக்க, எதிரி சப்பரம் மாதிரி அசைந்து அசைந்து வந்தான்.

"நல்ல கார்டு போட்டதும் சொல்லுங்கண்ணா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா மடித்துப் பழக ஒரு பழைய சேலையை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். கோர்வை எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. அன்று நான் அவரைத் திட்டிய திட்டில், எதிர் வீட்டுத் தறிக்காரரே போதும் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோர்வை வந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பழைய கார்டைக் கழற்றிவிட்டு, புத்தம்புதுக் கார்டு ஒன்றை மாட்டினார். ஆட்டம் எண்ணெய் போட்டது போல ஓடியது. ஏது இது என்று கேட்டேன். மொபெட் இரண்டையும் பழைய இரும்புக்காரரும் இன்னொருவரும் ஆளுக்கு ஒன்றாக விலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். பழைய கார்டுகளையும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, அந்தப் பணத்தில் இதை வாங்கி வந்தாராம்.

ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இப்பவாவது ஒத்துக்கினீங்களாண்ணே, ஒண்ணே போதும்னு?" என்றேன்.

"யாரு சொன்னது?" என்றார் கோர்வை. "ரெண்டு வாங்கலாம்னுதான் போனேன். ஒண்ணுக்குத்தான் தேறிச்சு."

ஹாஸ்டல் திரும்பி வந்தது. சேலை மடிக்க நான் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. கடை நாலு வருஷம் ஓடியது. அந்த நாலு வருஷமும் பெட்டியில் இரண்டாவது கார்டுக்கான இடம் காலியாகவே இருந்தது. அதில் வேறு எதையாவது மாட்டலாமே என்று கேட்காத ஆளில்லை. மாட்டக்கூடாது, கரைக்கு நாடா தள்ள நம்ம கோர்வை அண்ணன் உட்காரும் இடம் அது என்று சொல்லி, தினமும் அந்த இடத்தை நானே துடைத்து வைப்பேன்.