கேரவன் இழுத்த ஆரணிப் பட்டு

முன்பின் தெரியாத இடத்தில் ஒரு கொக்கியைப் பார்த்தால் அதில் எதையும் மாட்டக் கூடாது. இந்த அறிவு எனக்கு நாற்பத்தாறாவது வயதில், அமெரிக்காவில் வந்தது. அதுவரைக்கும் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆரணியில் ஒரு தெருவையே நம்ப வைத்திருந்தேன்.

என் தம்பி சங்கர் அலபாமாவில் இருக்கிறான். அவன் மகள் நிலாவுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை நான் இல்லாமல் எப்படி? செய்யாரில் செருப்புக் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. சண்டை போட்டு இரண்டு வாரம் லீவு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கையில் ஒரு பட்டுச் சேலை. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, எதிர்வீட்டுத் தறியில் சொல்லி நெய்தது. விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன் (பக்கத்து சீட்டுக்காரர் குழந்தை என்று நினைத்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார்).

தம்பி மனைவி மாலினி சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி. ஆனா சின்னப் பொண்ணு, பட்டு சீக்கிரம் கிழிஞ்சிடும். ஒரு போட்டோவுக்குக் கட்டிட்டு லெஹங்கா மாத்திடலாம். ஆன்லைன்ல வாங்கி வெச்சிருக்கேன்."

கிழிஞ்சிடுமாம். ஆரணிக்காரியிடம் சொல்கிறாள். நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தம்பிக்குத் தெரியும். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான். விழா முடிகிற வரைக்கும் அந்தப் பெண் உடம்பில் என் சேலைதான் இருக்க வேண்டும். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விழா நடக்கிற கோயில் மண்டபம் வெகுதூரம். "ஆர்.வி. ஒண்ணு எடுத்துகினு போலாங்க்கா. வழியில ஒரு நாள் கேம்ப்" என்றான் சங்கர். ஆர்.வி. என்றால் கேரவன். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். ஒரு சின்ன ஊருக்கு வெளியே, இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையை ஒட்டிய மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். வரிசையாக நாற்பது கேரவன்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"இதுக்கு நான் கண்ணமங்கலம் கூட்ரோட்டுல பாய் போட்டுப் படுத்திருப்பேனேடா" என்றேன்.

"இயற்கைக்கா."

"இன்னா இயற்கை, டீசல் நாத்தம் அடிக்குது."

சேலையைப் பத்திரப்படுத்த இடம் தேடினேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒடுங்கலாக ஒரு கதவு. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, ஓர் ஆள் நிற்கிற அளவு இடம். மேலே ஒரு கொக்கி. கொக்கி இருந்தால் பீரோதானே. சேலையை ஹேங்கரில் மாட்டிக் கதவைச் சாத்தினேன். மாலினி கண்ணில் படாத இடத்தைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

மறுநாள் காலை சங்கர் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பீரோவுக்குள் கையை விட்டு ஒரு குழாயைத் திருப்பினான். பீரோவுக்குள் மழை பெய்தது.

"அக்கா, பாத்ரூம்ல ஏதோ தொங்கிகினு இருக்கு."

சாயங்காலம் விழா. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மாலினி லெஹங்கா பெட்டியை எடுத்துக் கட்டில் மேலே வைத்தாள். அது போதாதா எனக்கு?

நனைந்த பட்டைப் பிழியக் கூடாது, வெயிலில் காட்டக் கூடாது. முழு நீளத்துக்கும் இழுத்து நிழலில் கட்ட வேண்டும். எங்கள் கேரவனின் பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற ஒரு துணிப் பந்தலும், அதற்கு ஓர் இரும்புக் கையும் இருந்தன. சேலையின் ஒரு நுனியை அந்தக் கையில் கட்டினேன். மறு நுனிக்கு? பக்கத்தில் பஸ் அளவு ஒரு கேரவன். பின்னால் அழகாக ஓர் ஏணி.

"அண்ணி, அது வேற யாரோடதோ" என்றாள் மாலினி.

"இருக்கட்டும். நானா ஓட்டிகினு போப்போறேன்?"

"அவங்க எடுத்துட்டாங்கன்னா?"

"பட்டு கட்டியிருக்கும்போது எவன் வண்டி எடுப்பான்?"

இதை நான் திமிரில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் காலையில் பாவு போடுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டுவது அது. அவிழ்க்கிற வரைக்கும் பால் வண்டி சுற்றிக்கொண்டு போகும், ஸ்கூல் வேன் முனையிலேயே நிற்கும். அலபாமாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. யோசிக்காமலே நம்பினேன்.

காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். பக்கத்து இன்ஜின் உறுமியது.

ஏணி நகர்ந்தது. சேலை விறைத்தது. எங்கள் பந்தல் கடகடவென்று தானாக விரிந்தது. டம்ளரைப் போட்டுவிட்டு நைட்டியோடு ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது (செருப்புக் கம்பெனி சூப்பர்வைசர், கவனிக்கவும்). இங்கிலீஷில் என்ன கத்துவது என்று வாயில் வரவில்லை. பதினெட்டு வருஷம் கம்பெனி பஸ்ஸை நிறுத்திய பழக்கம்தான் வந்தது. வண்டியின் பக்கத்தில் படாரென்று ஓர் அடி அடித்து, "ஹோல்டான்... ஹோல்டான்" என்று கத்தினேன்.

வண்டி நின்றது. அந்தப் பயணத்தில் நான் பேசியதில் அந்த நாட்டுக்காரர் ஒருவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

ஆனால் நிற்பதற்கு முன்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பின்னால் நிலாதான் கத்தினாள். "அத்தை, சேலை ஓகே. நம்ம வண்டிதான் பிஞ்சிடுச்சு."

திரும்பிப் பார்த்தேன். பந்தலின் இரும்புக் கை வளைந்து, திருகாணியோடு கழன்று தரையில் கிடந்தது. அதன் நுனியில் என் சேலை. ஒரு இழை விடவில்லை.

தொப்பை வைத்த ஒரு பெரியவர் இறங்கி வந்தார். இரும்பைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். சங்கரிடம் ஏதோ கேட்டார். சங்கர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான்.

"இன்னாடா கேக்கறாரு?"

"இது எந்தக் கடையில கிடைக்கும், எத்தன டன் இழுக்கும்னு கேக்கறாருக்கா. வண்டி இழுக்கற பட்டைன்னு நெனச்சிட்டாரு."

"ஆரணின்னு சொல்லுடா."

அன்று சாயங்காலம் நிலா அந்தச் சேலையைத்தான் கட்டினாள். வண்டி இழுத்த இழுப்பில் நன்றாக நீண்டு, காய்ந்ததும் இஸ்திரி போட்டதுபோல இருந்தது. நுனியில் ஏணியின் துரு கொஞ்சம். அதைக் கொசுவத்துக்குள் மறைத்தவள் மாலினிதான். போட்டோ முடிந்தது, மாலினி லெஹங்காவை நீட்டினாள். "வண்டியையே பிச்ச சேலைம்மா இது, கழட்ட மாட்டேன்" என்று பெண் சாப்பாட்டுப் பந்திக்கே ஓடிவிட்டாள். அன்று நான் சாப்பிட்ட பாயசம் மாதிரி இன்னொரு பாயசம் இன்னும் சாப்பிடவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது மாலினி மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, எனக்கும் ஒண்ணு. நீலத்துல." யோசித்துச் சொல்கிறேன் என்றேன் (எதிர்வீட்டுத் தறிக்காரருக்கு அன்றைக்கே போன் போட்டது வேறு விஷயம்).

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் வண்டியைச் சுற்றி வந்து பார்க்காமல் கிளப்புவதில்லை. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக்கூட ஒரு சுற்றுச் சுற்றி, "ஏதாச்சும் கட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உதைக்கிறார். நிலா இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். போன வாரம் வீடியோ காலில் காரைச் சுற்றிக் காட்டினாள். "பாருங்க அத்தை, ஒண்ணும் கட்டல." பின்னால் சங்கரும் மாலினியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். முடிகிற வரைக்கும் விட்டுவிட்டு, எப்போதும் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"சரி, எது பிஞ்சுது? சேலையா, வண்டியா?"

மாலினிதான் பதில் சொன்னாள். நீலப் பட்டு கட்டியிருந்தாள்.