என் வாய்க்கு எட்டாத புடலங்காய்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி நேசமணிக்கு,

நேமத்திலிருந்து உன் அக்காள் எலிசாள் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் மகன் அகிலும் மருமகள் ஜினியும் சுகம். நான் சுகமில்லை. ஆனாலும் கடிதத்தில் சுகம் என்றுதான் எழுத வேண்டும் என்று சாராள் டீச்சர் முட்டியில் அடித்துச் சொல்லித் தந்தபடியால் நானும் சுகம் என்றே வைத்துக்கொள். அவ்விடம் உன் மூட்டுவலியும் உன் பெண்டாட்டி கனகபாயின் வாயும் எப்படி இருக்கின்றன? இரண்டுக்காகவும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னதை நீ மறுமாதமே "அப்படியா சொன்ன? எனக்கு ஓர்மை இல்லையே" என்பாய். நாலரை வகுப்புப் படித்தவள் எழுதினாலும் எழுத்து எழுத்துதான். பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை மன்னித்துவிட்டேன். எதற்கு என்று தெரியாத மாதிரி முழிக்காதே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, அகில் என் வயிற்றில் ஐந்து மாதம். தேங்காய் போட்டு வதக்கின புடலங்காய்த் துவரன் தின்ன ஆசையாக இருக்கிறது என்று பஸ் ஏறி அம்மை வீட்டுக்கு வந்தேன். பந்தலில் ஒன்றே ஒன்று, ஒரு ஆள் நீளத்துக்குத் தொங்கியது. நான் கால் கழுவிவிட்டு வருவதற்குள் நீ அதை அறுத்து, சைக்கிளில் கட்டி, கனகபாயின் அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அப்போது உனக்கு நிச்சயம்கூட ஆகவில்லை. மாமனார் ஆகாத மனுஷனுக்குப் புடலங்காய், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ரசம். நாற்பது வருஷம் கழித்து, போன வைகாசியில் நீ ஒரு தாளில் மடக்கி ஆறு விதை கொடுத்தனுப்பினாயே, அந்த மடக்கைப் பிரித்த அன்றைக்கே உன்னை மன்னித்தேன். உடனே சொன்னால் உனக்குத் தலைக்கனம் வரும் என்று சொல்லவில்லை.

விதையை மொட்டை மாடியில் பை மண்ணில் ஊன்றினேன். இந்த ஊரில் எல்லார் வீட்டு மாடியிலும் இப்போது பைதான். தண்ணீர்த் தொட்டிக் கம்பியிலிருந்து அகிலின் பழைய பேட்மிண்டன் வலையை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டேன். மீன் கழுவின தண்ணீர், கஞ்சித் தண்ணீர், எல்லாம் அதற்குத்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படி, காலையிலும் சாயங்காலமும். அது பூத்து, பிஞ்சு விட்டு, சுருளாமல் நேராக வளரட்டும் என்று நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டேன். மொத்தம் ஏழு காய். ஒவ்வொன்றும் பாம்பு மாதிரி வரி போட்டு, கண்பட்டுப் போகிற அழகு. இந்த ஏழில் ஒன்றைக்கூட இன்றுவரை நான் தின்னவில்லை. தின்னவிடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் காய் கர்த்தருக்கு. அது நம் அம்மை வைத்த சட்டம். அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலன் கொடுக்காமல் வீட்டில் ஒருத்தரும் தோட்டத்துக் காயை வாயில் வைக்கக் கூடாது. சிவப்பு நாடா கட்டி சர்ச்சுக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து ஏலம் விட்டார்கள். யார் எடுத்தது தெரியுமா? திரவியம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பாடகர் குழு போட்டோவில் என் புருஷனை மறைத்துக்கொண்டு நின்றாரே, அந்தத் திரவியம்தான். "எலிசாளம்மா கைப்புண்ணியம், விடுவேனா" என்று மற்றவர்கள் வாயை அடைத்து ஏலத்தில் எடுத்தார். சரி, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம். வயிறு சரியில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு என்னைக் கண்டதும் பக்கத்துக் கதவு வழியாக இறங்கிப் போனார். நான் விடுவேனா? செருப்புப் போடுகிற இடத்தில் பிடித்தேன். "புடலங்காய் எப்படி இருந்தது?" என்றேன். "கர்த்தருக்குக் கொடுத்தத நாம ருசி சொல்லப்படாதும்மா" என்றார். ஒரு வார்த்தை நல்லா இருந்தது என்று சொல்லியிருந்தால் நாக்கு அழுகியா போகும்? பழைய கணக்கோடு இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு ஓணம். இரண்டு காய் முற்றி நின்றது. நான் அறுத்துக் கீழே கொண்டுவருவதற்குள் ஜினி, "அம்மா, பத்மஜா சேச்சிக்குக் கொடுக்கலாம், அவியலுக்கு வேணுமாம்" என்றாள். பத்மஜா பக்கத்து வீடு. பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவள், எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு செகரட்டரி. போன கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அதிர்த்தி கடந்நு லாரியில் வருந்ந பச்சக்கறி முழுவன் விஷமாணு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள். எல்லை தாண்டி லாரியில் வருகிற காய்கறி முழுக்க விஷமாம். அந்த எல்லையை நானும் தாண்டி வந்தவள்தானே. என்னவோ நான்தான் அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி. சரி, அவர்கள் பாண்டிக்காரி என்று ஏளனம் பண்ணுகிற தமிழச்சி மண்ணில் கை வைத்தால் என்ன விளையும் என்று அவளும் பார்க்கட்டும் என்று இரண்டையும் கொடுத்தேன். திருவோணத்துக்கு மறுநாள் மதிலுக்கு மேல் தலை நீட்டி, "என்றெ அம்மச்சீ, இங்ஙனெ ஒரு படவலங்ங ஞான் ஜென்மத்தில் கழிச்சிட்டில்ல!" என்றாள். அவள் ஜென்மத்தில் இப்படி ஒரு புடலங்காய் தின்றதில்லையாம். எனக்கு அன்றைக்குப் பூரா தரையில் கால் பாவவில்லை. அந்த சந்தோஷத்தில் நான் இன்னும் ருசி பார்க்காததைக்கூட மறந்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம், இன்னொன்று தரட்டுமா என்று நான் வாயைத் திறந்ததும், "அய்யோ வேண்டா, வேண்டா, இவிடெ இஷ்டம்போலெ உண்டு" என்று உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு தடவைக்கு மேல் நம் கையிலிருந்து வாங்கினால் கௌரவக் குறைச்சல். படித்தவள் அல்லவா.

நாலாவது காயை ஜினி ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அங்கே ரெஜி என்று ஒரு பையன், அவளுக்கு மேல் உத்தியோகம், வீட்டுக் காய்கறி என்றால் உயிராம். நான் தின்ன வேண்டியதை மேலதிகாரிக்குக் காணிக்கை வைக்கிற புத்தி யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டாம், சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனவனுக்குத் தெரியும். ரெஜி என்ன செய்தான்? மறுவாரம் கடையில் வாங்கின வெண்டைக்காய், கேரட், முருங்கைக்காய் என்று ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினான். "அம்மச்சி இந்த வயசில மாடி ஏறிக் கஷ்டப்படண்டாம்னு சொன்னான்" என்றாள் ஜினி. என் தோட்டத்தைப் பார்த்துக் கடைக்காயை அனுப்புகிறவனை என்ன சொல்ல? அந்தக் கேரட்டை நான் தொடவில்லை.

இனி நடந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. நான் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும் ஐந்தாவதையும் ஆறாவதையும் அறுத்துத் துவரன் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் தேங்காய் தாளித்த மணம் வந்தது. "என்ன வச்ச?" என்றேன். "முட்டை பொரிச்சேன் அம்மா" என்றாள். கடுகு வெடித்த மணமும் முட்டை மணமும் எனக்குத் தெரியாதா? மாடியில் போய் உரத்துக்கு வைத்திருக்கிற வாளியின் மூடியைத் திறந்தேன். நேசமணி, உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? இரண்டு காயின் துவரனும் அப்படியே, சட்டி நிறைய, தேங்காயோடு கிடந்தது. கிழவிக்குக் கொடுப்பதைவிட மண்புழுவுக்குக் கொடுக்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். கேட்காவிட்டால் ஓர்மையில் இருக்கும். எனக்கு ஓர்மைதான் வசதி.

அன்றிலிருந்து தினமும் ஒரு சாக்கு. "அம்மா, இன்னைக்கு முருங்கக்கா வாங்கியாச்சு, படவலம் நாளைக்கு வைக்கலாம், கேட்டீங்களா." மறுநாள் கீரை. அதற்கு மறுநாள் அகில் ஓட்டலிலிருந்து புரோட்டா. போன திங்கட்கிழமை பாறசாலையில் ஒரு அடக்கத்துக்குப் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால், கொடி இல்லை. வேரோடு பிடுங்கி, பேட்மிண்டன் வலையைச் சுருட்டி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். "அதில பூச்சி அம்மா" என்கிறான் அகில், என் கண்ணைப் பார்க்காமல். அவன் பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவான், ஒன்றாம் வகுப்பிலிருந்து. அன்றைக்கு இரண்டு காதையும் சொறிந்தான். நான் வளர்த்த கொடியில் நான் காணாத பூச்சி இவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இவன் கத்தரிக்கும் வெண்டைக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

ஆனால் நான் முட்டாள் இல்லை. அடக்கத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே ஏழாவது காயை அறுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆகையால் தம்பி, என் தீர்மானத்தைக் கேள். பெற்ற பிள்ளை வீட்டில் எனக்கு ஒரு காய்க்கு உரிமை இல்லை என்றால் நான் ஏன் இங்கே இருக்க வேண்டும்? வரும் சனிக்கிழமை காலையில் தம்பானூர் போய் மார்த்தாண்டம் பஸ் ஏறுகிறேன். அம்மை படுத்திருந்த அறையில் நீ அடைத்து வைத்திருக்கிற ரப்பர் ஷீட்டை எல்லாம் எடுத்து வெளியே போடு. இனி கடைசிவரைக்கும் அங்கேதான். கனகபாய் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவள் எண்பத்தேழாம் வருஷம் சுளித்ததையே நான் பொறுத்தவள். புடலங்காயைக் கையோடு கொண்டுவருகிறேன். நம் அம்மை வீட்டு அடுப்பில் வைத்து, எனக்கு ஒரு பிடி, உனக்கு ஒரு பிடி. மனுஷராகப் பிறந்தவர்களில் எனக்குத் தின்னக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது நீ ஒருத்தன்தான். அதை எழுதும்போது கண் கலங்குகிறது, அதனால்தான் இந்த வரி கோணலாக இருக்கிறது.

கனகபாய்க்கும் உன் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். உன் மூட்டுக்குக் காயத்திருமேனி எண்ணெய் போடு. கர்த்தர் உன் வீட்டின் வாசலையும் வரப்பையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன்னை மன்னித்த அக்காள்
எலிசாள்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். நான் வரவில்லை. காகிதத்தை ஒட்டுவதற்கு முன் எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை வரைக்கும் காய் வாடிவிடும் என்று, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே துவரன் வைத்தேன். ஒரு வாய் வைத்தேன். நேசமணி, பாவி, அது புடலங்காய் இல்லை. வேப்பெண்ணெயில் எட்டியை அரைத்த மாதிரி ஒரு கசப்பு. உன் கிணற்றடி வேலியில் அந்தக் கசப்புப் பேய்ப்புடல் படர்ந்து கிடக்குமே, அதற்குப் பக்கத்தில் நின்று அதன் பூந்தூள் ஒட்டின கொடியிலிருந்துதானே விதை எடுத்தாய்? அப்போதுதான் ஜினி சீக்கிரம் வேலை முடிந்து வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "எப்படி இருக்கு அம்மா?" என்றாள். "நல்லா இருக்கு" என்று சொல்லி இன்னொரு வாய் எடுத்து வைத்தேன். அவள் தட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். "மதி, போதும் அம்மா, வயிறு கேடாயிரும். திரவியம் மாமா இதத் தின்னுட்டு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில டிரிப் போட்டுக் கிடந்தார்." எல்லாருக்கும் தெரியுமாம். "பின்னே ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்றேன். "யாரு சொல்வா? சொன்னவங்கள நீங்க மறக்க மாட்டீங்கள்லா" என்றாள். நான் வைத்த துவரனை நானே மாடி ஏறி உர வாளியில் கொட்டினேன். எழுபத்துமூன்று வயதில் முதல் தடவை. பிறகு அவள் கஞ்சி விட்டு, கடையில் வாங்கின பயறும், ரெஜி அனுப்பின கேரட்டும் போட்டு ஒரு துவரன் வைத்துத் தந்தாள். உப்பு கொஞ்சம் கூடுதல். நான் சொல்லவில்லை.