மாப்பிள்ளை கொடுத்த கருப்பு டப்பா

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கிருஷ்ணமூர்த்தி அவர்களுக்கு,

டெலானிபூர் முருகானந்தம் சென்னையிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஏர்போர்ட்டில் பட்ட பாடு அப்படி எழுத விடவில்லை. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

முழங்கால் ஆபரேஷனால் பேரனுக்குப் பெயர் வைத்த அன்று தாங்கள் இருவரும் வர முடியாமல் போயிற்று. அன்றைக்குத் தங்கள் மகன் சுதாகர் மாப்பிள்ளை ஒருவரையும் செல்போனைத் தொட விடவில்லை, பழைய கேமராவில் ஃபிலிம் போட்டுத்தான் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம், ஆகவே தொட்டில், சர்க்கரைத் தண்ணீர், பேரனின் கொட்டாவி எல்லாம் ஒரே ரோலில் அடங்கிவிட்டன, தீவில் அதைக் கழுவ வசதியில்லை, மெயின்லேண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் சென்னை போவது தெரிந்து தன் குட்வில் எஸ்டேட் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து என் கையில் அந்தக் கருப்பு டப்பாவை வைத்தார். "மாமா, ஏர்போர்ட் எக்ஸ்ரே மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க, படம் எல்லாம் போயிடும். கையால செக் பண்ணச் சொல்லுங்க" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பீரோவில் வைத்தால் புழுக்கம், பையில் வைத்தால் மறதி என்று, கடைசியில் சாமி மாடத்தில் விபூதி, குங்குமத்தோடு வைத்து முருகனிடம் ஒப்படைத்தேன். கிளம்பும் நேரத்தில் கரண்டு இல்லை, தடவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் என் பை மெஷினுக்குள் போயிற்று, டப்பாவை நான் விடவில்லை. காவலர், "இஸ்மே க்யா ஹை?" என்று உள்ளே என்ன என்பதைக் கேட்டபடி அதை வாங்கி மூடியில் நகத்தை வைத்தார். வெளிச்சம் பட்டால் கழுவாத ஃபிலிம் வெளுத்துப்போகுமே என்று எனக்கு உயிரே போயிற்று, இத்தனை வருஷம் தீவில் பேசிய இந்தியெல்லாம் குழம்பிப்போய், "கோல்னா மத், கோலா தோ சப் கதம்" என்று கத்திவிட்டேன். திறந்தால் எல்லாரும் காலி என்று ஏர்போர்ட்டில் நின்று கத்தினால் என்ன ஆகும் என்று தங்களுக்கே தெரியும். வரிசை சிதறியது. துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஜெயிலில் பேரனைக் கொண்டுவந்து காட்டுவார்களா என்றுதான் யோசித்தேன். பெரிய அதிகாரி வந்து டப்பாவைத் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று சோதித்து மூடியைத் திறந்தார், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்துத் தலையெழுத்து என்று நினைத்திருப்பார் போல. "ஜாயியே பாபா" என்று போகச் சொல்லி, சிரித்தபடி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்டூடியோ திறந்ததும் கொடுத்துவிடுவேன். மாமனார் உயிரைப் பணயம் வைத்து, மெஷினில் போடாமல் கொண்டுவந்து சேர்த்தார் என்று மாப்பிள்ளை காதில் தாங்கள் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

தங்கள் முழங்காலும் என் நெஞ்சும் ஒருசேரத் தேற ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
முருகானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஸ்டூடியோவுக்குப் போய்வந்தேன். டப்பாவுக்குள் விபூதி இருந்தது. எங்கள் வீட்டு விபூதியும் அதே மாதிரி பழைய ஃபிலிம் டப்பாவில்தான் இருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாடத்தில் இருப்பதைத் தொடாதே என்று சொல்ல, வீட்டிலிருக்கும் மனைவி சொர்ணம்மாவுக்குப் போன் போட்டேன். நான் வாயெடுப்பதற்குள் அவள், "என்னங்க, விபூதி எடுக்கலாம்னு திறந்தா உள்ள ஒரு சுருள், நாக்கை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இழுத்தா வந்துக்கிட்டே இருக்கு. ஜன்னல்கிட்ட வச்சு முழுசா விரிச்சுப் பாத்துட்டேன், ஒரு படம் இல்ல. மாப்பிள்ளை உங்கள நல்லா ஏமாத்திட்டாரு" என்றாள். ஆகவே சம்பந்தி, மேலே சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். ஏர்போர்ட் மெஷினில்தான் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள். மெஷின் எதிர்த்துப் பேசாது.